சிறிய மாற்றத்துக்கும் பொறியாளர் பொறுப்பா?

கேள்வி: கட்டமைப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். ஒப்பந்ததாரர்கள் அனுப்பும் திருத்திய வரைபடங்களுக்கு நாள்தோறும் ஒப்புதல் தர வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் கணக்கிட நேரமில்லை. மேலதிகாரியோ, “சின்ன மாற்றம்தானே, கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார். இவற்றுக்கும் நான்தான் பொறுப்பா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: நீங்கள்தான் பொறுப்பு. மாற்றம் சிறியதா என்பதே கணக்கிட்ட பிறகுதான் தெரியும்.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியிலுள்ள ஹயாத் ரீஜென்சி ஹோட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்புக் கூடத்தில் இரண்டாம் தளத்து நடைபாலமும், அதற்கு நேர் மேலே நான்காம் தளத்து நடைபாலமும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளமான எஃகுத் தண்டுகளில் தொங்க வேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது தொல்லை என்பதால், கூரையிலிருந்து மேல் பாலம் வரை ஒரு தண்டு, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு வேறொரு தண்டு என்று மாற்றினார்கள். வரைபடத்தில் பார்த்தால் உறுத்தாத மாற்றம்தான். ஆனால் ஒரே கயிற்றை இருவரும் தனித்தனியே பற்றித் தொங்குவது வேறு, மேலே தொங்குபவரின் காலைக் கீழே இருப்பவர் பற்றித் தொங்குவது வேறு அல்லவா? மேல் பாலத்தின் இணைப்பில் விழும் சுமை இரட்டிப்பாயிற்று. திருத்திய வரைபடம் பொறியாளரின் முத்திரையோடு திரும்பி வந்தது. கணக்கு மட்டும் போடப்படவில்லை. 1981 ஜூலை 17 அன்று இரு பாலங்களும் இடிந்து விழுந்ததில் 114 பேர் இறந்தனர்.

நகர விதி கேட்ட வலிமையில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் முதல் வடிவமைப்பிலேயே இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. அந்த ஓர் இணைப்பை யாராவது ஒரு முறை சரிபார்த்திருந்தால் இரு குறைகளும் ஒருசேர வெளிப்பட்டிருக்கும். இணைப்புகளை எஃகு வேலை செய்பவர்களே வடிவமைப்பது தொழில் வழக்கம் என்று பொறியாளர்கள் வாதிட்டும் அது ஏற்கப்படவில்லை. அந்தப் பொறியாளர்களான ஜாக் கில்லம், டேனியல் டங்கன் இருவரின் உரிமங்களையும் மிசௌரி மாநிலம் பறித்தது.

பொறியாளரின் அறம் என்றதும் துணிச்சலைப் பற்றியே பேசுகிறோம். ஹயாத்தில் யாரும் யாரையும் எதிர்த்து நிற்க வேண்டிய தேவையே எழவில்லை. அங்கே இல்லாமற்போனது, சலிப்பூட்டும் கணக்கையும் விடாமல் போட்டுப் பார்க்கும் பிடிவாதம். என் கணிப்பில் அதுவே அரிய குணம்.

துணிச்சல் தேவைப்படும் நேரமும் வரும். 1986இல் சேலஞ்சர் விண்ணோடத்தை ஏவுவதற்கு முந்தைய இரவு, அதன் உந்து ராக்கெட்டுகளின் இணைப்புகளில் வாயு கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் சரியாக அடைக்காது என்று கருதிய, அந்த ராக்கெட்டுகளைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதலில் கையெழுத்திட மறுத்தார். அவருடைய மேலதிகாரி கையெழுத்திட்டார், விண்ணோடம் வெடித்தது, ஏழு பேர் மாண்டனர். உங்கள் மறுப்பும் ஒரு தவற்றைத் தடுக்காமல் போகலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், பதவியிறக்கப்பட்ட மெக்டொனால்ட், அமெரிக்க நாடாளுமன்றத்தின் அழுத்தத்தால் மீண்டும் பொறுப்புக்கு வந்தபோது, அந்த ராக்கெட் இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் பணியே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நேரமின்மைக்கு ஒரு வழி உண்டு. சுமை செல்லும் பாதையை, அதாவது எடையைத் தாங்கிக் கடத்தும் உறுப்புகளையும் இணைப்புகளையும், தொடும் திருத்தங்களை மட்டும் முதலில் பிரித்தெடுங்கள். அவை நீங்கள் அஞ்சுவதைவிடக் குறைவாகவே இருக்கும். அவற்றைக் கணக்கிடாமல் அனுப்பாதீர்கள். மேலதிகாரி அவசரப்படுத்தினால், கணக்கு முடியாததால் ஒப்புதல் தரவில்லை என்று எழுத்தில் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.