"5 வைரஸ் இருக்கிறது" என்று லேப்டாப்பே சொல்கிறது, பணம் கட்டலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. அப்பாவுக்கு 71 வயது. அவருடைய லேப்டாப்பில் வலது பக்க மூலையில் "உங்கள் சந்தா முடிந்துவிட்டது, 5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று சிவப்பாக வந்துகொண்டே இருந்தது. பிரபலமான ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் சின்னமும் அதில் இருந்ததால், பயந்துபோய் கார்டு எண்ணைப் போட்டு 89 சிங்கப்பூர் வெள்ளி கட்டிவிட்டார். கட்டிய பிறகும் அது நிற்கவில்லை. லேப்டாப்பை ஃபார்மேட் பண்ண வேண்டுமா?
உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: ஃபார்மேட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம் தங்கச்சி, முதலில் கார்டைக் கவனியுங்கள். வங்கியின் 24 மணி நேர எண்ணைக் கூப்பிட்டு அந்தக் கார்டை முடக்கச் சொல்லுங்கள், 89 வெள்ளியை மறுத்து மனு கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். இந்த மாதிரி இடங்களில் ஒருமுறை எண்ணைக் கொடுத்தால் மறுபடியும் பணம் எடுப்பது சாதாரணமாக நடக்கிற ஒன்று. என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் 1799-க்கு அழைக்கலாம், மோசடி பற்றிக் கேட்பதற்கென்றே இருக்கும் எண், எந்த நேரமும் எடுப்பார்கள்.

இப்போது அந்தச் சிவப்புப் பெட்டி. அடுத்த முறை வரும்போது மூடாமல் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பெட்டிக்குள்ளேயே சின்ன எழுத்தில் குரோம் என்றோ எட்ஜ் என்றோ பிரவுசர் பெயரும், கூடவே கேள்விப்படாத ஓர் இணையதள முகவரியும் இருக்கும். அது ஆன்டிவைரஸ் பேசுவது இல்லை, ஏதோ ஒரு தளம் அனுப்பும் விளம்பரம். எனக்குத் தெரிந்து இது பெரும்பாலும் ஒரே வழியில்தான் வீட்டுக்குள் வருகிறது: இலவசமாக சீரியலோ கிரிக்கெட்டோ காட்டும் தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் 'அலோ' அழுத்துங்கள்" என்று கேட்கும், நாமும் படம் ஓடினால் போதும் என்று அழுத்திவிடுவோம். அங்கே நாம் கொடுத்தது நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி, அவ்வளவுதான். குரோமின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியலில் தெரியாததை எல்லாம் நீக்குங்கள். ஐந்து நிமிட வேலை, அநேகமாக அதோடு நின்றுவிடும்.

ஒன்று மட்டும் சரிபார்த்துவிடுங்கள். புது லேப்டாப்போடு சோதனைக்காக வந்த ஆன்டிவைரஸ் காலம் முடிந்தால் அதுவும் நச்சரிக்கும், அது நிஜமானது. 'ஆப்ஸ்' பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் நிஜமாக இருக்கலாம், இல்லாவிட்டால் போலி.

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு. திரை முழுக்க அடைத்துக்கொண்டு, சைரன் மாதிரி ஒலித்து, "கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று சொல்லும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போய்விடும், போகாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. அப்பாவிடம் இதை ஒருமுறை செய்து காட்டுங்கள், தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை பணம் போனாலும் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: மகன் ஒரு விளையாட்டின் 'கிராக்' பதிப்பை, அதாவது காசு கட்டாமல் ஓடும் திருட்டுப் பதிப்பை, இறக்கினான். மறுநாள் பார்த்தால் எந்தப் போட்டோவும் திறக்கவில்லை, எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ரீட்மீ' என்ற குறிப்பில் 980 அமெரிக்க டாலர் கேட்கிறார்கள், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 போதுமாம். ஒரு கடையில் 800 வெள்ளிக்கு மீட்டுத் தருகிறோம் என்கிறார்கள். 11 வருடப் போட்டோ, என் அம்மா போவதற்கு முன் எடுத்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது.
செங்காங் வாசகர்

பதில்: படித்ததும் மனசு கனத்துப்போனது. முதலில் வைஃபையைத் துண்டியுங்கள், செருகியிருக்கும் பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பூட்டப்பட்ட ஃபைல்களையும் அந்தக் குறிப்பையும் அழிக்கவே அழிக்காதீர்கள்.

980, பாதி விலை, 72 மணி நேரம் என்று நீங்கள் சொல்லும் அடையாளங்கள் 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவியூ' என்று சொல்லப்படும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) குடும்பத்துக்குப் பொருந்துகின்றன. பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களைத்தான் அது பிடிக்கும், கிராக் பதிப்புகள்தான் அதன் வாசல். விளம்பர வைரஸ் மாதிரி இது கத்தாது, வேலையை முடித்துவிட்டுத்தான் கடிதம் வைக்கும்.

மீட்க முடியுமா என்பது ஒரு விஷயத்தைப் பொறுத்தது. பூட்டும்போது திருடர்களின் சர்வரோடு தொடர்பு கிடைத்திருந்தால் உங்களுக்கென்று தனிச் சாவி போட்டிருப்பார்கள், அது அவர்களிடம் மட்டும்தான் இருக்கும். தொடர்பு கிடைக்காமல் போயிருந்தால் பலருக்கும் பொதுவான சாவி, அப்போது வாய்ப்பு உண்டு. எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 2019-இல் இதற்காக ஓர் இலவசக் கருவி வெளியிட்டது. ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் ஒரு ஃபைலையும் குறிப்பையும் ஏற்றினால் எந்த வகை, சாவி இருக்கிறதா என்று காசில்லாமல் சொல்வார்கள்.

அதனால்தான் அந்த 800 வெள்ளியை இப்போது கொடுக்காதீர்கள் என்கிறேன். கடைக்காரரிடம் தனியாக எந்தச் சாவியும் கிடையாது, இலவசக் கருவியை ஓட்டுவார் அல்லது திருடனுக்கே பணம் கட்டுவார். "நான் காட்டும் ஒரு போட்டோவை முதலில் திறந்து காட்டுங்கள், அப்புறம் பணம்" என்று கேட்டுப் பாருங்கள். திருடனுக்கு நீங்களே கட்டுவதும் வேண்டாம், கட்டினால் சாவி வரும் என்பதற்கு யார் பொறுப்பு?

ஒரு சின்ன நம்பிக்கை சொல்கிறேன். இந்த வகை ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டும், அதனால் நீளமான வீடியோக்களைச் சரிசெய்யும் கருவிகள் மூலம் ஓரளவு மீட்க முடியலாம். போட்டோக்களுக்கு ஊரில் இருக்கும் சொந்தங்களைக் கேளுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது, பழைய கைப்பேசி, கேமராவின் மெமரி கார்டு, எதையும் விடாதீர்கள். தரம் குறைந்தாலும் அம்மா முகம் கிடைக்கும்.

கிராக் மூலம் வரும்போது கூடவே பாஸ்வேர்டு திருடும் நிரலும் வருவது உண்டு. ஆகவே வேறு ஒரு சாதனத்தில் இருந்து மின்னஞ்சல், வங்கி, சிங்பாஸ் பாஸ்வேர்டுகளை இன்றைக்கே மாற்றுங்கள், போலீசில் புகாரும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கண்காட்சியில் லேப்டாப் வாங்கும்போது மூன்று வருட ஆன்டிவைரஸையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள், 120 வெள்ளி. தேவையா?
ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: வீட்டுக்குத் தேவையில்லை. விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இலவசம், வீட்டு உபயோகத்துக்கு அது போதும். ஆனால் வீட்டில் விண்டோஸ் 10 லேப்டாப் ஏதாவது கிடந்தால் கவனம், அதற்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்) 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த 120 வெள்ளிக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒரு முறை செருகிக் காப்பி எடுத்துவிட்டு, உடனே பிடுங்கி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால், செங்காங் வாசகருக்கு வந்தது போல ஒன்று வரும்போது அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.