அரங்கேற்றத்துக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். மகள் உயர்தரத்தில் கர்நாடக சங்கீதத்தையும் ஒரு பாடமாக எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கல்லடி விபுலாநந்தா நிறுவகத்தில் இசைப் பட்டம் படிக்க ஆசை. வாய்ப்பாட்டில் இந்த வருடமே அரங்கேற்றம் செய்யலாம் என்கிறார் குரு. ஏழரை இலட்சம் வரை முடியும்போலத் தெரிகிறது. கணவரின் சம்பளம் மாதம் 120,000 ரூபா. செலவு போக 20,000 மிஞ்சும். நிலையான வைப்பில் 6 இலட்சமும், மகளுக்கென்று எட்டுப் பவுண் நகையும் இருக்கின்றன. வைப்பை உடைப்பதா, நகையை அடகு வைப்பதா? கோயில் கச்சேரி ஒன்றுக்கு 25,000 கிடைக்கிறது, அதில் கடனை அடைக்கலாம் என்கிறாள் மகள்.

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா. அரங்கேற்றத்தை இரண்டு வருடம் தள்ளி, இரண்டரை இலட்சத்துக்குள் செய்யுங்கள்.

பாடும் பிள்ளைக்கு அரங்கேற்றம் பெரிய நாள்தான். ஆனால் நிறுவகத்தில் சேர்வதற்கு அதை யாரும் கேட்கப்போவதில்லை. உயர்தரப் பெறுபேறும் செயன்முறைப் பரீட்சையும்தான் அங்கே கணக்கு. ஆகவே இந்த மாதங்களில் குருவின் நேரமும் உங்கள் காசும் அந்தப் பரீட்சைக்கான பயிற்சிக்குப் போகட்டும். வட இலங்கை சங்கீத சபை நடத்தும் இசைத் தரப் பரீட்சைகளில் மிச்சமிருப்பதையும் இப்போதே முடிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் தரம் வரை முடித்துவிட்டால், படிக்கும் காலத்திலேயே வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மாதாமாதம் கைக்கு வரும் அந்தச் சிறு தொகை, கச்சேரிப் பணத்தைவிட நம்பிக்கையானது.

கச்சேரிப் பணம் ஏன் நம்பிக்கையில்லை? அந்த 25,000 முழுவதும் மகளுடையதல்ல. வயலினுக்கு 7,000, மிருதங்கத்துக்கு 7,000, வானுக்கு 4,000 என்று வைத்தால் கையில் நிற்பது 7,000 மட்டும். நகையில் 5 இலட்சம் எடுத்து, வட்டி ஆண்டுக்கு 15 வீதம் என்று பார்த்தால் மாதம் 6,250 ரூபா. மாதம் ஒரு கச்சேரி வட்டிக்கே போய்விடும், முதல் அப்படியே கிடக்கும். தவணை தவறிக்கொண்டே போனால் நகை ஏலத்துக்குப் போகும்.

அதோடு கச்சேரிகள் மாதத்துக்கு ஒன்றென்று வருவதுமில்லை. மாமாங்கேஸ்வரருக்கும் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமிக்கும் ஆடி அமாவாசையில்தான் தீர்த்தம். திருவிழா அழைப்புகள் எல்லாம் ஒரே கிழமைகளில் வந்து குவியும், ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும். பிறகு நவராத்திரி. கார்த்திகை, மார்கழி மழையில் மேடையே குறைந்துவிடும். திருவெம்பாவைக்குப் பாடுவது சேவை, அதை வருமானத்தில் எழுதாதீர்கள். திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர் சிலர் பொன்னாடையோடு முடித்துவிடுவதும் உண்டு. அன்றைக்கும் பக்கவாத்தியக்காரருக்கு நீங்கள்தான் கொடுக்கவேண்டும். எனவே தொகையை முன்பே பேசி, பாதியை முற்பணமாக வாங்குங்கள். வாத்தியக்காரரின் பங்கை அன்றிரவே கொடுத்துவிடுங்கள். இதில் தாமதித்தால் அடுத்த முறை நல்ல மிருதங்கம் கிடைக்காது.

ஒரு நாளில் இரண்டு கச்சேரி வேண்டவே வேண்டாம். கோயில் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே, தன் குரல் தனக்கே கேட்காமல் கத்திப் பாடித்தான் பல பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டுகிறது. சோதனைக்காலத்தில் அப்படி நேர்ந்தால் செயன்முறைப் புள்ளியும் போகும்.

இனி வைப்பு. முதிர்வுக்கு முன் உடைத்தால் பேசிய வட்டி கிடைக்காது, குறைத்துத்தான் தருவார்கள். முதிரும்வரை விட்டு, பிறகு இரண்டு இரண்டு இலட்சமாக மூன்று வைப்பாக்கி, முதிர்வுத் திகதிகளைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் தொட்டால் போதும். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிக்கிறார்கள். உங்கள் கணவரின் ஆண்டு வருமானம் வட்டியோடு சேர்த்தும் 18 இலட்சத்துக்குள் நிற்பதால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம். சீட்டில் போட்டுப் பெருக்கலாம் என்று யாராவது வந்தால், பிள்ளையின் படிப்புக் காசை அதில் போடாதீர்கள்.

மிஞ்சும் 20,000 இல் 12,000 படிப்புக்கும் பஸ்ஸுக்கும் குருவுக்கும். அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை, வீட்டிலிருந்தே கல்லடிக்குப் போய்வந்தால் இது போதும். தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பியுங்கள். மீதி 8,000 ஐ மகள் பெயரில் தனிக் கணக்கில் போட்டால் 24 மாதத்தில் 192,000. கச்சேரியில் மிஞ்சுவதில் பாதியையும் அதிலேயே சேர்த்தால் இரண்டரை இலட்சத்தைத் தொட்டுவிடலாம்.

அந்தத் தொகைக்குள் அரங்கேற்றம் நிச்சயம் முடியும். அழைப்பிதழ், மேடை அலங்காரம், வீடியோ, விருந்து, வெளியூர்க் கலைஞர்களின் தங்குமிடம், இவைதான் ஏழரை இலட்சம் வரை இழுக்கின்றன. ஊர்க் கோயில் மண்டபமும் மட்டக்களப்புக் கலைஞர்களும் போதும். கைவைக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, வாத்தியக்காரரோடு குறைந்தது மூன்று ஒத்திகை. இல்லாவிட்டால் பல்லவியில் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடம், தவறும்; மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து பாட்டுக்குத் திரும்பும்போது தடுமாறும். மற்றது, மேடையில் பாடுபவரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கி. தம்புராச் சுருதி காதில் விழவேண்டும்.

இந்தியாவில் மேற்படிப்பு என்ற எண்ணம் இருந்தால் அதற்கும் இப்போது கடன் வேண்டாம். பட்டம் முடிந்தபின் இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக ஐசிசிஆர் (இந்தியக் கலாசார உறவுகள் பேரவை) புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம்.

குருவிடம் மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். முடியாது என்று சொல்லவேண்டாம். இரண்டு வருடம் கழித்து ஒரு திகதி குறித்துத் தரும்படி கேளுங்கள், உங்களால் செலவழிக்கக்கூடிய தொகையையும் அன்றே சொல்லிவிடுங்கள்.