மொலோடோவ் காக்டெயில்: கேலியாக வந்த பெயர்

‘மொலோடோவ் காக்டெயிலைக் கண்டுபிடித்தவர் மொலோடோவா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அவர் அதைச் செய்யவும் இல்லை, வீசவும் இல்லை. அவரைக் கேலி செய்ய எதிரிகள் சூட்டிய பெயர் அது. நம் செய்தித்தாள்கள் பெட்ரோல் குண்டு என்று எழுதுவதும் இதைத்தான்.

1939இல் வியாச்செஸ்லாவ் மொலோடோவ் சோவியத் யூனியனின் வெளியுறவுப் பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. அன்றே தலைநகர் ஹெல்சின்கியின் மீது விமானங்கள் குண்டு வீசின. மொலோடோவோ, பட்டினி கிடக்கும் பின்லாந்து மக்களுக்கு எங்கள் விமானங்கள் உணவு போடுகின்றன என்று கூசாமல் சாதித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான்.

பின்லாந்துக்காரர்கள் அந்தப் பொய்யை விடவில்லை. சோவியத் விமானங்கள் போட்ட ஒரு வகைக் குண்டு பெரிய உருளைபோல இருக்கும்; விழும்போதே சுழன்று, திறந்து, உள்ளே அடுக்கியிருந்த சிறு தீக்குண்டுகளை நாலாபுறமும் இறைத்துவிடும். அதற்கு ‘மொலோடோவின் ரொட்டிக் கூடை’ என்று பெயர் வைத்தார்கள். விருந்து அனுப்பியவருக்குப் பதிலுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டாமா? சோவியத் டாங்கிகள் மீது வீசிய தீப்புட்டிகள் ‘மொலோடோவ் காக்டெயில்’ ஆயின. அந்தப் புட்டிகளில் நான்கரை லட்சத்துக்கும் மேல் நிரப்பித் தந்தது ஆல்கோ என்ற அரசு மதுபான நிறுவனத்தின் ராயமாகி ஆலை என்பது இன்னும் பொருத்தம்.

ஆயுதம் பெயரைவிடப் பழையது. 1936இலேயே ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கிளர்ச்சித் தளபதி பிராங்கோவின் படையினர், அரசுத் தரப்புக்கு வந்திருந்த சோவியத் டாங்கிகள் மீது இதை வீசியிருக்கிறார்கள்.

இன்னொன்று: மொலோடோவ் என்பதே புனைபெயர். பிறந்தபோது அவர் பெயர் ஸ்கிரியாபின். ‘மோலத்’ என்றால் ரஷ்ய மொழியில் சம்மட்டி. ஸ்டாலின் எஃகிலிருந்தும், இன்னொரு சோவியத் தலைவரான காமெனெவ் கல்லிலிருந்தும் பெயர் எடுத்துக்கொண்ட காலம் அது. இவர் சம்மட்டியை எடுத்துக்கொண்டார். உலகம் நினைவில் வைத்திருப்பது புட்டியை.

1941இல் ஜெர்மானிய டாங்கிகள் உள்ளே வந்தபோது சோவியத் படையும் அதே ஆயுதத்தைத்தான் எடுத்தது. ஸ்டாலின் கையெழுத்திட்ட ஜூலை மாத ஆணையில் அதன் பெயர் ‘டாங்கி எதிர்ப்புத் தீக்குண்டுகள்’, அடைப்புக்குறிக்குள் ‘புட்டிகள்’. மொலோடோவ் அப்போதும் வெளியுறவுப் பொறுப்பில்தான் இருந்தார்.