மஞ்சள் வண்டும் கறுப்பு வண்டும்

கேள்வி: எங்கள் மாட்டுக்கொட்டகை மூங்கிலில் வட்டமாக ஓட்டை போட்டு ஒரு வண்டு குடியிருக்கிறது. உடம்பு கறுப்பு, முதுகில் மட்டும் மஞ்சள் முடி. உடம்பெல்லாம் மஞ்சளாக இன்னொரு வகையும் அங்கேயே அந்தரத்தில் நிற்கிறது, கிட்டே போனால் முகத்துக்கு நேரே பாய்கிறது. செல்போன் செயலி பம்பிள்பீ என்கிறது. சரியா? ஓட்டையை சிமென்ட் வைத்து அடைக்கலாமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பம்பிள்பீ இல்லை. அது குளிர்ப் பிரதேசத்துப் பூச்சி, நம் நாட்டில் இமயமலைப் பக்கம் உண்டு, காரைக்குடி வெயிலில் இருக்காது. அதன் வயிறு முழுக்க முடி இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் வயிறு எண்ணெய் தேய்த்த மாதிரி வழுவழுவென்று மின்னுகிறதே, அதுதான் அடையாளம். இது தச்சுத் தேனீ, அறிவியல் பெயர் ஸைலோகோப்பா. வண்டு என்று சொல்லியே பழகிவிட்டோம், ஆனால் பொன்வண்டுக்கு இருக்கிற கெட்டி மேலோடு இதற்குக் கிடையாது, தேனீக் குடும்பம்தான்.

நீங்கள் இரண்டு வகை என்று நினைத்தது ஒரே இனத்தின் பெண்ணும் ஆணும். கறுப்பு பெண், மஞ்சள் ஆண். பாய்கிற ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, பயப்படாதீர்கள். பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. இனம் பியூபெசென்ஸ் ஆக இருக்கலாம், அல்லது அதை அப்படியே உரித்து வைத்தது போலிருக்கும் ஈஸ்டுவான்ஸ். படத்தை மட்டும் பார்த்து இரண்டில் ஒன்றை அடித்துச் சொன்னால் அது தப்பு. எருக்கம்பூவில் முழுக்கறுப்பாக, 3.5 செ.மீ. நீளத்தில், வெயில் பட்டால் இறக்கை நீலமும் ஊதாவுமாக மின்னுகிற பெரிய ஒன்றைப் பார்த்தால் அது வேறு இனம், லாட்டிபெஸ் ஆக இருக்கலாம்.

தயவுசெய்து அடைக்காதீர்கள். உள்ளே மரத்தூளால் தடுப்பு வைத்து, அறைக்கு ஒரு முட்டையும் அதற்கு ஒரு மகரந்த உருண்டையுமாக வைத்திருக்கும். மரத்தை அது தின்பதில்லை, வீடு கட்டக் குடைவதோடு சரி. கொல்லையில் கத்தரி இருந்தால் காலையில் போய்ப் பாருங்கள்: பூவைக் கட்டிக்கொண்டு 'ங்ர்ர்' என்று உடம்பை அதிர வைக்கும், மகரந்தப்பையின் நுனித் துளை வழியாகப் பொடி அதன் வயிற்றில் கொட்டும். கூடு வைத்து வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை வராது. கொட்டகை மூங்கிலைப் பற்றிக் கவலை என்றால் புதிதாகப் போடும் கழிகளுக்கு பெயின்ட் அடித்துவிடுங்கள், அப்புறம் காய்ந்த மூங்கில் துண்டு நாலைந்தை மழை படாத இடத்தில் கிடையாகக் கட்டி வையுங்கள், அடுத்த கூட்டை அங்கே வைக்க வாய்ப்பு இருக்கிறது.