வலிப்பு மாத்திரை மலையூருக்கு எட்டாதது ஏன்? கேள்வி பதில்

கேள்வி (கல்வராயன்மலை, சுகாதாரத் தன்னார்வலர்): அண்ணா, எங்கள் ஊரில் ஏழு பேருக்கு வலிப்பு. மாத்திரை போட்டால் நிற்கிறது. ஆனால் மாதாமாதம் ஜி.எச். போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேறு. தீர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் "ஸ்டாக் இல்லை".

பதில்: தம்பி, மாத்திரை விலையைவிட மாத்திரை இருக்கும் இடத்துக்குப் போய்வரும் செலவுதான் பெரிது. ஏழு பேருக்கும் புது மருந்து தேவைப்படாது. கர்நாடகத்தின் யளந்தூர் கிராமங்களில் ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிட்டாய்ன் என்ற பழைய, மலிவான மருந்துகளை வைத்தே வலிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டிய ஆய்வு 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

வாங்க ஆள் வராத மருந்துக்கு இண்டெண்ட், அதாவது மருந்து கேட்டு மேலே அனுப்பும் பட்டியல், போகாது. இண்டெண்ட் போகாததால் வருகிறவருக்கு மருந்து இருக்காது. இந்தச் சுற்றை ஒரு தாளால் உடைக்கலாம். யாருக்கு என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், நாளைக்கு எத்தனை என்று எழுதி மருந்தாளுநரிடம் கொடுங்கள். ஃபெனிட்டாய்ன் 100, தினம் மூன்று, நான்கு பேர் என்றால் மாதம் 360 மாத்திரை. "எங்க ஊருக்கு வேணும் சார்" என்பதைவிட இந்த எண்ணுக்கு மரியாதை அதிகம்.

அடுத்தமுறை ஜி.எச். போகும்போது, "இதே மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடரலாம்" என்று சீட்டில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த வரி இல்லாவிட்டால் கீழே உள்ள மருத்துவர் தயங்குவார். கூடவே ஒரே ஒருமுறை 45 நாளைக்கு எழுதித் தரக் கேளுங்கள். மிஞ்சும் 15 நாள் மாத்திரைதான் மழையில் பாதை அடைபடும்போது கைகொடுக்கும். புதுசு வந்ததும் பழசை முதலில் தின்னக் கொடுத்துப் புதியதை ஒதுக்கிவையுங்கள், காலாவதி ஆகாது.

ஒரு வேளை தவறினால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடவும், இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது. ஃபெனிட்டாய்ன் அளவு கொஞ்சம் கூடினாலே தள்ளாட்டம், இரட்டைப் பார்வை வரும். ஊரார் "குடித்திருக்கிறான்" என்பார்கள். ஃபீனோபார்பிட்டோனைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும்.

கேள்வி (திருவண்ணாமலை மாவட்டம்): பன்றி வளர்க்கிற எங்கள் குடியிருப்பில் இரண்டு பேருக்கு வலிப்பு. மூளையில் புழு என்று ஸ்கேனில் வந்தது. பன்றிக்கறிதான் காரணம் என்று பக்கத்துத் தெரு பேசுகிறது. பூச்சி மாத்திரை வாங்கிப் போடலாமா?

பதில்: பக்கத்துத் தெரு பாதியைத்தான் தெரிந்துவைத்திருக்கிறது. சரியாக வேகாத பன்றிக்கறியால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வரும் இளம்புழு. முட்டை மனிதக் கழிவில் இருக்கும். அங்கிருந்து கை, தண்ணீர், பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரி வழியாக வாய்க்குப் போகும். ஆகவே பன்றியைக் கண்ணால் பார்க்காத சைவக் குடும்பத்திலும் இந்த வலிப்பு வருகிறது. குற்றவாளியைத் தேடுவதானால் கழிப்பறை இல்லாத தெருவைப் பாருங்கள்.

அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மூளைக்குள் புழு சாகும்போது சுற்றிலும் வீக்கம் வரும், வலிப்பு கூடும். அதனால்தான் ஸ்டீராய்டு சேர்த்து, முன்னதாகக் கண்ணுக்குள் புழு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பார்கள். வலிப்பு மாத்திரை தனியாகத் தொடரும்.

கேள்வி (வால்பாறை, தேயிலைத் தோட்டத் தொழிலாளி): குழந்தைக்கு ஃபெனிட்டாய்ன் சிரப். புது பாட்டில் திறந்த வாரம் வலிப்பு வருகிறது, பாட்டில் முடியும் வாரம் தூங்கிக்கொண்டே இருக்கிறாள். ஏன்?

பதில்: அம்மா, பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மருந்து அடியில் படியும். மேலே உள்ளது தண்ணீர் மாதிரி, அடியில் உள்ளது கெட்டி. ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். லேபிளையும் பாருங்கள்: 5 மில்லியில் 30 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 125 உள்ளதும் உண்டு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் நான்கு மடங்கு அளவு போய்விடும். இப்போது தூங்கி வழிகிறாள் என்றால் பாட்டிலோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கீழக்கரை): வாப்பா லெவெட்டிராசிட்டம் என்ற வலிப்பு மாத்திரை இருவேளை போடுகிறார். நோன்பு பிடிக்கலாமா?

பதில்: நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பது உங்களுக்கே தெரியும். பிடித்தே தீருவேன் என்றால் ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். சஹர் (விடியுமுன் சாப்பாடு), இஃப்தார் (நோன்பு திறப்பு) என்று இரு வேளையாகப் பிரிக்கலாம். இந்த மாத்திரை உடம்பில் வெகுநேரம் தங்காது, சஹர் வேளை தவறவே கூடாது. பசியைவிடப் பெரிய எதிரி தூக்கக் குறைவு: தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து படுத்து, சஹருக்கு எழுந்தால் தூக்கம் பாதியாகிறது. பகலில் படுத்து ஈடுகட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (ஆனைகட்டி): மகளுக்கு 19 வயது, சோடியம் வால்ப்ரோயேட் போடுகிறாள். வரன் பார்க்கிறோம். மாத்திரையை நிறுத்திவிட்டு, நோயை மறைத்துக் கட்டிவைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டுமே வேண்டாம். மறைத்துக் கட்டிவைத்தால் புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை போடுவாள், வேளை தவறும், எல்லார் முன்னிலும் விழுவாள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது உண்மை. 1999 திருத்தத்தில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள்.

அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் போட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வருகிறது, இன்னும் பலருக்கு அறிவு வளர்ச்சி பாதிக்கிறது. லாமோட்ரிஜின் அல்லது லெவெட்டிராசிட்டத்துக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே கேளுங்கள். மாற்ற வாரக்கணக்கில், சிலநேரம் மாதக்கணக்கில் ஆகும். கல்யாணத் தேதி குறித்தபின் ஓடினால் போதாது. ஃபோலிக் அமிலம் எவ்வளவு என்றும் கேளுங்கள், வழக்கமாக 5 மில்லிகிராம். செவிலியர்கள் கவனத்துக்கு: ஃபெனிட்டாய்ன், கார்பமசிபைன், ஃபீனோபார்பிட்டோன் போடுகிறவருக்கு மாலா-என் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. காப்பர்-டி நல்லது.

கேள்வி (பர்கூர் மலை): 108 வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதுவரை?

பதில்: ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பாருங்கள். சாவி கொடுப்பதில் பலன் இல்லை, வாயில் கரண்டி திணித்தால் பல்தான் உடையும். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ அவசரம். உங்களைப் போன்ற தூரத்து ஊர்களுக்கு வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே எழுதித் தரச் சொல்லுங்கள். எடைக்கு எத்தனை அழுத்து என்பதைப் பாட்டில்மேலேயே மார்க்கர் பேனாவில் எழுதி வாங்குங்கள், பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. அடித்தபின் மூச்சைக் கவனித்தபடி கூடவே இருங்கள்.

கேள்வி: மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா?

பதில்: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் வலிப்பு தனியாக இல்லை. அறிவுசார் குறைபாடோ மூளை முடக்குவாதமோ சேர்ந்திருந்தால் அதைக் காட்டி விண்ணப்பிக்கலாம்.