பழைய சீன அரக்கு அலமாரியில் வௌவால்கள் வரையப்பட்டிருக்கின்றன, அவற்றை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். அழித்துவிட்டு வருந்துகிறவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பெரியவர் யாரோ முகம் சுளித்திருக்கிறார் என்று ஊகிக்கிறேன்.

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில், பழைய சாமான் கடையொன்றில் சிவப்பு அரக்குப் பூசிய சீனத் திருமண அலமாரியை வாங்கினேன். கதவுகள் சேருமிடத்தில் வட்டமான பித்தளைத் தகடு, இருபுறமும் பொன்வண்ணப் பூச்சாடிகள், மேற்பட்டியில் தலைகீழாகப் பறக்கும் ஐந்து வௌவால்கள். ஊரிலிருந்து வந்த அம்மா, "பாழ் மண்டபத்துல தொங்குறதையெல்லாம் யாராவது வீட்டுக்குள்ள வைப்பாங்களாடா?" என்றார். மறுவாரமே பாலிஷ் போடுபவரை அழைத்து, அந்தப் பட்டியை மட்டும் சுரண்டி வார்னிஷ் அடிக்கச் செய்தேன்.

அதைப் பார்த்த பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தலையில் கைவைத்துக்கொண்டார். சீனத்தில் வௌவாலுக்குப் பெயர் 'பியன்ஃபூ'. நற்பேற்றுக்கும் 'ஃபூ' என்றே பெயர். ஐந்து வௌவால்கள் என்றால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கத்தில் நாட்டம், முதுமையில் இயல்பான சாவு ஆகிய ஐம்பேறுகள். தலைகீழ் என்பதற்கும் வந்து சேர்தல் என்பதற்கும் ஒலி ஒன்றே: 'தாவ்'. ஆக, வீடு தேடி வந்த ஐம்பேறுகளையும் நான் கூலி கொடுத்துச் சுரண்டியிருக்கிறேன்.

அந்த ஓவியங்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. சாடிக்கும் அமைதிக்கும் 'பிங்', மீனுக்கும் மிகுதிக்கும் 'யூ', மானுக்கும் அரசு ஊதியத்துக்கும் 'லு'. பிளம் மரக்கிளையில், சீனர்களுக்கு மகிழ்ச்சியின் அடையாளமான மேக்பை பறவை அமர்ந்திருந்தால், பிளம் என்பதும் புருவம் என்பதும் 'மெய்' என்றே ஒலிப்பதால், மகிழ்ச்சி புருவம்வரை ஏறிவிட்டது என்று பொருள். எல்லாமே சிலேடை என்று சொல்லவரவில்லை. மாதுளைக்கு அதன் விதைகளே போதும், பிள்ளைப்பேற்றைச் சொல்ல.

இதைப் படித்துவிட்டு, வௌவாலை வரைந்தால் பணம் கொட்டுமா என்று கேட்க ஒருவர் வருவார். கொட்டாது. வாசலில் பூரணகும்பம் வைக்கும் நாம் அந்தக் கேள்வியைச் சற்று மெதுவாகக் கேட்கலாம்.

சுரண்டியதைச் சரிசெய்ய முடியாததற்குக் காரணமும் உண்டு. இது நம்மூர்ப் பூச்சியரக்கு அன்று; சேங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால். பச்சையாகத் தோலில் பட்டால் அரித்துக் கொப்புளம் கிளம்பும். ஈரப்பதமுள்ள காற்றில்தான் அது இறுகும்; மெல்லிதாகப் பூசி, இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி வளர்த்த அந்தப் பரப்புக்குக் கடை வார்னிஷ் ஈடாகவில்லை. என் அலமாரியில் அந்த இடம் பழுப்புத் திட்டாகத் தெரிந்தது.

இன்னொரு மனக்குறை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன, மடித்து வைக்கும் மரத் தடுப்புகளான சீன அரக்குத் திரைகளுக்குக் 'கோரமண்டல் திரை' என்று பெயர். நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியதால் வந்த பெயர் அது; செய்யப்பட்டவை சீனாவில்தான். அவற்றிலும் இதே சாடிகள், இதே மங்கலக் குறிகள், பல திரைகளில் தாங் காலத் தளபதி குவோ சியியின் பிறந்தநாள் விழாக் காட்சி. அவர் நீண்ட ஆயுளுக்கும் மக்கட்செல்வத்துக்கும் அடையாளம் என்பதால், பெரிய அதிகாரிகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க ஏற்றவை. உறவினர் குழுவில் ஒருவர் அவற்றைத் தமிழர் கைவண்ணம் என்று பகிர்ந்தபோது இதைச் சொன்னேன். இனப்பற்று இல்லாதவன் என்ற பட்டம் கிடைத்தது. பெயரை நம் கரை கொடுத்தது என்பதே எனக்குப் பெருமைதான்.

அடுத்த சீனப் புத்தாண்டின்போது அந்த ஆன்ட்டி, சிவப்புத் தாளில் எழுதிய 'ஃபூ' எழுத்தைக் கொண்டுவந்து, என்னிடம் எதுவும் கேட்காமல், பழுப்புத் திட்டின்மேல் தலைகீழாக ஒட்டிவிட்டுப் போனார். நிறம் வெளுத்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை.