டேப்பட் சத்தமா, பேரிங் சத்தமா? எஞ்சினை இறக்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய அம்பாசிடர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். காலையில் ஆயில் பிரஷர் முள் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டைத் தாண்டி நிற்கிறது. அரை மணி நேரம் ஓடியபின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 10-க்கு இறங்கிவிடுகிறது. பிரேக் போட்டாலும் வளைவில் திரும்பினாலும் முள் ஆடுகிறது. கூடவே 'டக் டக்' சத்தம். எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவசியமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சத்தத்துக்கும் பிரஷருக்கும் காரணம் ஒன்றுதான் என்று முடிவு கட்டித்தான் பல எஞ்சின்கள் வீணாக இறங்குகின்றன. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சி. வளைவிலும் பிரேக்கிலும் முள் ஆடினால் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, ஆயிலை உறிஞ்சும் இடத்திலுள்ள வடிகட்டியான ஸ்ட்ரெய்னர் காற்றை இழுக்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அளவு பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பலாம். கூடியிருந்தால்தான் கவலை: மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேரே சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்த்துவிடும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரிந்துவிடும். அப்படியானால் ஓட்டாதீர்கள். பம்பைச் சரிசெய்து, பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ50 ஊற்றியபின் மற்றதைப் பார்க்கலாம்.

அடுத்து, டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். 100 பவுண்டு வரை காட்டும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பிளாக்கில் நேரடியாக மாட்டச் சொல்லுங்கள். இருபது நிமிடம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் 15, ஓட்டத்தில் 50-ஐ ஒட்டி இருந்தால் எஞ்சினில் குறையில்லை; கோளாறு பழைய கேஜில். ஐடிலில் 10 காட்டினாலும் ரேஸ் செய்ததும் 40-க்கு மேல் ஏறினால் பயப்பட வேண்டாம், கவனித்து வந்தால் போதும். சூட்டில் ரேஸ் செய்தும் 30-ஐத் தாண்டாவிட்டால்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

அப்போதும் முதலில் ரிலீஃப் வால்வு, அதாவது ஆயில் பிரஷர் அளவுக்கு மீறாமல் திறந்துவிடும் வால்வு. பிளாக்கின் பின்பக்கம், குமிழ் போன்ற நட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் இருக்கும். பிளஞ்சரில் கோடு விழுந்திருக்கிறதா, சீட்டில் அழுக்கு படிந்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்பிரிங்கைப் புதியதோடு நீளம் ஒப்பிடுங்கள். ஒரு நாள் பிரஷர் சரியாகவும் மறுநாள் குறைவாகவும் இருந்தால் பெரும்பாலும் இந்தப் பிளஞ்சர் சிக்கிக்கொள்வதுதான்.

இனி சத்தம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, தடித்த ரப்பர் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பிளக்கையும் எர்த் செய்யுங்கள் (பிளக் முனையையும் பிளாக்கையும் சேர்த்துத் தொட்டால் அந்தச் சிலிண்டர் எரியாது). ஒரு சிலிண்டரில் சத்தம் சட்டென்று அமுங்கினால் அது பிக் எண்ட் பேரிங், அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்ஷாஃப்டோடு சேரும் இடத்துப் பேரிங். வண்டியை அத்துடன் நிறுத்திவிடுங்கள். மாற்றமே இல்லாமல், மேலிருந்து மெல்லியதாகக் கேட்டால் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி கூடியதால் வரும் சத்தம். ராக்கர் கவரைக் கழற்றி, ஐடிலிலேயே வால்வை அழுத்தித் திறக்கும் ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை)ச் செருகிப் பாருங்கள். எதில் செருகியதும் சத்தம் நிற்கிறதோ, குற்றவாளி அதுதான்.

இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ.; உங்கள் எஞ்சின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். எட்டு வால்வுகளையும் முன்பக்கத்திலிருந்து எண்ணி, எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை 9-லிருந்து கழித்து, வரும் எண்ணுள்ள வால்வைச் செட் செய்ய வேண்டும்: 1 திறந்திருந்தால் 8, 3 திறந்திருந்தால் 6. லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளவெடுங்கள், இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பிவிடும்.

செட்டிங் செய்தும் சத்தம் போகவில்லை என்றால் ராக்கரின் முகத்தைப் பாருங்கள். வால்வு அடித்து அடித்து அங்கே சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். கேஜ் தகடு பள்ளத்தின் இரு கரைகளில் உட்கார்ந்துகொள்வதால் 15 என்று காட்டும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். ராக்கரை மாற்றவோ முகத்தைக் கிரைண்ட் செய்யவோ வேண்டும். ராக்கர்களைத் தாங்கும் ஷாஃப்டைக் கழற்றும்போது உள்ளே கசடு அடைத்து, ஆயில் துளைகள் மூடியிருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். கசடு அதிகமுள்ள எஞ்சினில் ஃபிளஷிங் ஆயில் ஊற்றவே கூடாது. கரைந்து வருவது ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு பிரஷர் ஏறாவிட்டால் சம்ப்பைக் கழற்றி பிக் எண்ட் கேப் ஒன்றைப் பிரியுங்கள். பேரிங்கின் சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் மெக்கானிக் சொன்னது சரி. ஆனால் கிராங்கை மைக்ரோமீட்டரால் அளக்காமல் பேரிங் வாங்கவிடாதீர்கள். வேலை முடிந்து முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன் பிளக்குகளைக் கழற்றி, முள் ஏறும்வரை எஞ்சினைச் சுழற்றச் சொல்லுங்கள்.